பழைய பங்குப் பதிவேடுகளை ஆவணக் காப்பகத்தில் தேடிப் படிக்கும் முறை

ஒரு பங்கின், அதாவது ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள கோவில் பகுதியின், பழைய பதிவேட்டை முதன்முறையாகத் திறப்பவர்கள் பெரும்பாலும் அதில் பிறப்பையும் இறப்பையும் தேடுகிறார்கள். ஆனால் அந்த ஏடுகள் அவற்றைக் குறித்து வைப்பதற்காகத் தோன்றியவை அல்ல. குருவானவர் தாம் நிறைவேற்றிய சடங்கையே எழுதினார்: இன்ன நாளில் இந்தக் குழந்தைக்குத் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) அளித்தேன், இந்த இருவரையும் மணத்தில் இணைத்தேன், இவரை அடக்கம் செய்தேன் என்பதே அவர் தரும் சான்று. ஞானஸ்நானம் பெற்ற நாளைப் பிறந்த நாளாகவும், அடக்கம் நடந்த நாளை இறந்த நாளாகவும் எடுத்துக்கொண்டால், தொடக்கத்திலேயே ஒரு பிழை கணக்கில் ஏறிவிடும். ஏட்டில் இல்லாத குழந்தை பிறக்காத குழந்தை அன்று. திருமுழுக்குக்கு முன்பே இறந்திருக்கலாம், பெற்றோர் வேறு சபையைச் சேர்ந்தவர்களாக இருந்திருக்கலாம், அல்லது ஐந்து ஆண்டுகள் கழித்துத் தம்பி தங்கையரோடு ஒரே நாளில் திருமுழுக்குப் பெற்றிருக்கலாம். இந்த ஒன்றை மனத்தில் நிறுத்திக்கொண்டால், கீழே சொல்லப்படும் ஏனைய எச்சரிக்கைகள் எல்லாம் தாமாகவே விளங்கும்.

ஏடு எப்போது தொடங்குகிறது என்பதை முதலில் அறிதல்

காப்பகத்துக்குப் புறப்படும் முன் இரண்டு செய்திகள் தெரிந்திருக்க வேண்டும்: தேடும் குடும்பம் எந்தப் பங்கின் எல்லைக்குள் வாழ்ந்தது, அந்தப் பங்கின் பதிவேடுகள் எந்த ஆண்டு முதல் எஞ்சியிருக்கின்றன. எல்லை மாறிக்கொண்டே இருக்கும். மக்கள்தொகை பெருகிய ஊர்களில் ஒரு பழைய பங்கு நான்கைந்தாகப் பிரிந்திருக்கும். ஆகவே புதிய கோவிலின் ஏட்டில் தொடர்ச்சி அறுந்தால் தாய்ப்பங்கின் ஏட்டுக்குத் திரும்ப வேண்டும்.

இங்கிலாந்தில் 1538-ஆம் ஆண்டு, எட்டாம் ஹென்றியின் அமைச்சரான தாமஸ் கிராம்வெல், ஒவ்வொரு பங்கும் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றுக்கு ஓர் ஏடு வைத்திருக்க வேண்டும் என்றும், அதை இரண்டு பூட்டுள்ள பெட்டியில் பாதுகாக்க வேண்டும் என்றும் ஆணையிட்டார். ஆயினும் 1538-இல் தொடங்கும் ஏடுகள் குறைவாகவே கிடைக்கின்றன. 1558-இல் தொடங்குபவையே பல. காரணம் எளிது. 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில், அதுவரை காகிதத்தில் இருந்த பதிவுகளைப் பதப்படுத்திய தோலில் படியெடுக்க வேண்டும் என்ற விதி வந்தது. அதில், குறிப்பாக முதலாம் எலிசபெத் அரியணை ஏறிய 1558 முதலேனும் எழுதப்பட வேண்டும் என்று இருந்ததால், பலர் அதற்கு முந்திய இருபது ஆண்டுகளைக் கைவிட்டனர். எனவே ஓர் ஏட்டின் முதல் நாற்பது ஆண்டுகள் ஒரே கையெழுத்தில், ஒரே நிற மையில், ஒரே சீரான வரிகளில் இருக்குமானால், உங்கள் முன் இருப்பது மூலம் அன்று, அக்காலத்துப் படி. படியெடுத்தவர் பெயர்களைத் தவறாகப் படித்திருக்கலாம், வரிகளைத் தவறவிட்டிருக்கலாம். அந்தப் பகுதியில் ஒரு விசித்திரமான பெயரைக் கண்டால் அதைப் புதிய கண்டுபிடிப்பாகக் கருதும் முன் சற்றுத் தயங்குவது நல்லது.

கத்தோலிக்க உலகில் இதற்கு அடித்தளம் இட்டது கத்தோலிக்க ஆயர்களின் பேரவையான திரெந்து பொதுச்சங்கம். 1563-இல் அது பங்குத்தந்தையர் திருமணப் பதிவேடும் திருமுழுக்குப் பதிவேடும் வைத்திருக்கக் கட்டளையிட்டது. 1614-இல் வெளிவந்த உரோமைச் சடங்குமுறை நூல் இவற்றோடு உறுதிபூசுதல், இறப்பு ஆகியவற்றுக்கான ஏடுகளையும், ஒவ்வொரு வீட்டிலும் வாழ்ந்த ஆன்மாக்களின் நிலையைக் குறிக்கும் ஏட்டையும் சேர்த்து, ஐந்தாக வகுத்தது. இந்த ஐந்தாவது வகை கிடைத்தால் அது பெரும் பேறு. வீடுவீடாக, குடும்பத்தலைவர் முதல் வேலையாள் வரை, வயதுடன் எழுதப்பட்ட பட்டியல் அது. பிரான்சில் 1539-ஆம் ஆண்டின் அரசாணையே திருமுழுக்குப் பதிவைக் கட்டாயமாக்கியது. 1792-இல் புரட்சி அரசு அந்தப் பொறுப்பைக் குருக்களிடமிருந்து நகராட்சிகளுக்கு மாற்றியது.

ஏட்டில் இடைவெளி இருந்தால் அதற்கும் காரணம் இருக்கும். இங்கிலாந்தில் 1642-இல் தொடங்கிய உள்நாட்டுப் போரிலிருந்து 1660 வரையான காலம் பல பங்குகளில் வெற்றிடமாகவோ அரைகுறையாகவோ கிடக்கிறது. 1653-இன் சட்டம் பதிவுப் பணியைக் குருவானவரிடமிருந்து எடுத்து, பங்கு மக்கள் தேர்ந்தெடுக்கும் ஓர் அலுவலரிடம் ஒப்படைத்தது. அந்தச் சில ஆண்டுகளில் மட்டும் திருமுழுக்கு நாளுக்குப் பதிலாகப் பிறந்த நாள் எழுதப்பட்டிருப்பதைக் காணலாம்.

ஒன்று அழிந்தால் மற்றொன்று

பதிவேடு தொலைந்துவிட்டது என்று அட்டவணையில் கண்டதும் பலர் திரும்பிவிடுகிறார்கள். இது பெரும் இழப்பு. மேலே சொன்ன விதியே, இங்கிலாந்தின் பங்குகள் ஆண்டுதோறும் தங்கள் பதிவுகளின் படியை ஆயருக்கு (பிஷப்புக்கு) அனுப்ப வேண்டும் என்றும் கூறியது. ஆயர் அலுவலகத்துக்குச் சென்ற அந்தத் தளர்தாள்கள் இன்று பல மாவட்டக் காப்பகங்களில் தனித் தொகுப்பாக உள்ளன. பங்கின் ஏடு எரிந்தும் நனைந்தும் போன இடங்களில் இவையே துணை. ஏடு நல்ல நிலையில் இருந்தாலும் இவற்றையும் பார்க்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து; ஒன்றில் இல்லாத தொழிலோ ஊர்ப்பெயரோ மற்றொன்றில் இருக்கும், சில வேளைகளில் பதிவே ஒன்றில்தான் இருக்கும். பிரான்சில் 1667 முதல் இரண்டு பிரதிகள் எழுதுவது கட்டாயமானது; ஒன்று பங்கிலும் மற்றொன்று நீதிமன்றத்திலும் இருந்தன. கிழக்கிந்தியக் கம்பெனியின் குருக்கள் சென்னை, வங்காளம், பம்பாய் மாகாணங்களில் நிறைவேற்றிய சடங்குகளின் படிகளும் இவ்வாறே இலண்டனுக்கு அனுப்பப்பட்டன. அவை இப்போது பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலகத் தொகுப்பில் இருக்கின்றன. சென்னை மாகாணத்துக்கான வரிசை 1698 முதல் தொடங்குகிறது.

படிகளின் அருமையை அயர்லாந்தைப் போல் வேறெந்த நாடும் கற்பிக்கவில்லை. அங்கு ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை மரபைச் சேர்ந்த) பங்குகளின் பழைய ஏடுகள் பாதுகாப்புக்காகவே டப்ளின் பொது ஆவண அலுவலகத்தில் திரட்டி வைக்கப்பட்டன. 1922-ஆம் ஆண்டு ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரின் முதல் நாட்களில், அந்தக் கட்டடம் வெடித்து எரிந்தது. அங்கிருந்த ஏடுகள் ஏறத்தாழ முழுவதும் அழிந்தன. உள்ளூரிலேயே வைத்துக்கொள்ள அனுமதி பெற்ற பங்குகளின் ஏடுகளும், முன்னரே யாரோ ஒருவர் பொறுமையாகப் படியெடுத்து வைத்திருந்தவையும் தப்பின. அரசின் பொறுப்பில் வராத கத்தோலிக்க ஏடுகள் பங்குகளிலேயே இருந்ததால் பிழைத்தன. ஆகவே அயர்லாந்துத் தேடலில் ஏடு இல்லை என்று அறிந்தபின் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி, 1922-க்கு முன் அதை யாராவது எழுதி எடுத்தார்களா என்பதே.

வாசிப்பறையில்

இங்கிலாந்தில் 1978-இல் இயற்றப்பட்ட திருச்சபைச் சட்டத்துக்குப் பிறகு, மூடப்பட்டு நூறாண்டு கடந்த பதிவேடுகள் பெரும்பாலும் மறைமாவட்டத்துக்கென (ஓர் ஆயரின் ஆட்சிப்பகுதிக்கென) ஏற்கப்பட்ட காப்பகத்தில் ஒப்படைக்கப்பட்டுவிட்டன. அது பொதுவாக மாவட்டத்தின் ஆவணக் காப்பகமாகவே இருக்கும். கத்தோலிக்க ஏடுகள் பங்கிலோ மறைமாவட்டக் காப்பகத்திலோ இருக்கலாம். எங்கிருந்தாலும் முதலில் அட்டவணையைப் பார்த்து, வேண்டிய ஏட்டின் குறிப்பெண்ணை எழுதிக்கொண்டு, முன்கூட்டியே தெரிவித்துவிட்டுச் செல்லுங்கள். பெரும்பாலான காப்பகங்கள் மூல ஏட்டைத் தராமல் நுண்படச் சுருளையோ மின்படத்தையோ தரும். அது சரியான நடைமுறையே. ஆனால் படத்தில் ஓரம் வெட்டுப்பட்டோ, இரு பக்கங்கள் நடுவில் மறைந்தோ, மங்கிய மை தெரியாமலோ இருக்குமானால், எந்தப் பக்கம், என்ன குறை என்று தெளிவாகக் குறிப்பிட்டு மூலத்தைக் கேட்கலாம். காரணத்தோடு கேட்பவரைக் காப்பாளர்கள் மதிக்கிறார்கள்.

மூல ஏடு கைக்கு வந்தால், பென்சில் மட்டுமே மேசைமீது இருக்கட்டும். ஏட்டை நுரைத் தாங்கிகளின் மேல் வைத்து, அது தானாக விரியும் அளவுக்கு மட்டும் திறந்து, பக்கத்தை மணிக்கோவை எடைகளால் அமர்த்துங்கள். விரலை எச்சிலில் நனைத்துப் பக்கம் புரட்டுவதும், வரியின் மேல் விரலை ஓட்டிப் படிப்பதும் கூடாது. கையுறை வேண்டுமே என்று பலர் எண்ணுகிறார்கள். காகிதத்துக்கும் தோலுக்கும் கழுவி நன்றாகத் துடைத்த வெறுங்கையே பொருத்தம், ஏனெனில் கையுறை தொடுவுணர்வை மழுக்கிப் பக்கத்தின் ஓரத்தைக் கிழித்துவிடும்.

உடனே பெயரைத் தேடத் தொடங்க வேண்டாம். ஏட்டை முதலில் ஏடாகப் பாருங்கள். எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, திருமுழுக்கும் அடக்கமும் கலந்து வருகின்றனவா அல்லது ஏட்டை மறுபுறம் கவிழ்த்து அடக்கங்களை எழுதியிருக்கிறார்களா, கையெழுத்து எங்கெங்கே மாறுகிறது, புதிய குருவானவர் எப்போது வந்தார் என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். முன்னும் பின்னும் உள்ள வெற்றுத்தாள்களில் வெள்ளம், கொள்ளைநோய், மணி வார்த்த செலவு என்று ஏதேதோ எழுதப்பட்டிருக்கும். அவற்றைத் தாண்டிச் செல்பவர் அந்த ஏட்டின் பாதியை இழக்கிறார்.

நாளும் எழுத்தும்

கணக்கைக் கவிழ்க்கும் முதற்குழி நாட்காட்டி. இங்கிலாந்தில் 1751 வரை புத்தாண்டு மார்ச் 25 அன்றே தொடங்கியது. ஆகவே ஒரு குழந்தை 1720 ஏப்ரல் 10 அன்று திருமுழுக்குப் பெற்று, 1720 பிப்ரவரி 3 அன்று அடக்கம் செய்யப்பட்டதாக ஏட்டில் கண்டால் குழம்ப வேண்டியதில்லை. அந்தப் பிப்ரவரி நம் கணக்கில் 1721, திருமுழுக்குக்குப் பின் குழந்தை ஏறத்தாழப் பத்து மாதங்கள் வாழ்ந்தது. சனவரி முதல் மார்ச் 24 வரையுள்ள நாட்களை 1720/21 என்று இரட்டை ஆண்டாகக் குறித்துக்கொள்வது நல்ல பழக்கம். 1752-இல் செப்டம்பர் 2-க்கு அடுத்த நாள் செப்டம்பர் 14 ஆனது. அந்த இடைநாட்களில் பதிவு இல்லாததை இழப்பாகக் கருத வேண்டாம். மாதப் பெயர்களைச் சுருக்கி 7பெர், 8பெர், 9பெர், 10பெர் என்று எழுதும் வழக்கமும் உண்டு. இவை ஏழாம், எட்டாம் மாதங்கள் அல்ல. இலத்தீன் எண்களின் பொருளில் செப்டம்பர், அக்டோபர், நவம்பர், டிசம்பர். 7பெர் என்பதை ஜூலை என்று படியெடுத்த அட்டவணைகள் உண்டு.

கையெழுத்துக்கு ஒரே மருந்து பழக்கம். 16, 17-ஆம் நூற்றாண்டு எழுத்து புரியவில்லை என்றால் பின்னோக்கிப் படியுங்கள்: தெளிவான 18-ஆம் நூற்றாண்டுப் பக்கங்களில் அந்தப் பங்கின் குடும்பப் பெயர்களையும் ஊர்ப்பெயர்களையும் அறிந்துகொண்டு, படிப்படியாகப் பழைய பக்கங்களுக்குச் சென்றால் அதே பெயர்கள் பழைய உருவில் எதிர்ப்படும். ஓர் எழுத்து விளங்காதபோது, அதே கையால் எழுதப்பட்ட, உறுதியாகத் தெரிந்த ஒரு சொல்லில், எடுத்துக்காட்டாக மாதப்பெயரில், அந்த எழுத்து எப்படி இருக்கிறது என்று ஒப்பிடுங்கள். பெயரின் எழுத்துக்கூட்டல் நிலையானதன்று. குருவானவர் காதில் விழுந்தபடி எழுதினார், ஒரே தந்தையின் மூன்று பிள்ளைகள் மூன்று விதமாகப் பதிவாவது இயல்பே.

இலத்தீன் ஏடுகளைக் கண்டு அஞ்ச வேண்டாம். அவை வாய்பாடு போல ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்பவை. ஐம்பது சொற்கள் தெரிந்தால் பெரும்பாலானவை படிக்கக் கிடைக்கும். பாப்திசாத்துஸ் என்றால் திருமுழுக்குப் பெற்றவர், நாத்துஸ் என்றால் பிறந்தவர், ஃபீலியுஸ் மகன், ஃபீலியா மகள், பத்ரீனி ஞானப்பெற்றோர், செபுல்துஸ் அடக்கம் செய்யப்பட்டவர், விதுவா கைம்பெண், ஏயோதெம் தியே என்றால் அதே நாளில், ஹேரி என்றால் நேற்று. இந்த நேற்று என்ற சொல்லே பல பதிவுகளில் உண்மையான பிறந்த நாளைத் தருகிறது. பெயர்களும் இலத்தீன் உருவம் பெற்றிருக்கும்: குலியெல்முஸ் என்பவர் வீட்டில் வில்லியம், யாக்கோபுஸ் என்பவர் ஜேம்ஸாகவும் இருக்கலாம், ஜேக்கபாகவும் இருக்கலாம். இலத்தீன் உருவை அப்படியே எழுதிக்கொண்டு, உங்கள் ஊகத்தைப் பக்கத்தில் தனியாக வையுங்கள்.

சட்டம் மாறியபோது ஏடு மாறியது

இங்கிலாந்தின் ஆங்கிலிக்கன் ஏடுகளில் மூன்று எல்லைக்கோடுகள் உண்டு. 1754 முதல் திருமணங்கள் தனி ஏட்டில் பதிவாயின. மணமக்களும் சாட்சிகளும் கையொப்பமிட்டனர் அல்லது குறியிட்டனர், ஓலை வாசித்து (மண அறிவிப்பைக் கோவிலில் முன்கூட்டியே படித்து) நடந்ததா உரிமத்தின்பேரில் நடந்ததா என்பதும் எழுதப்பட்டது. யூதரும் குவேக்கர்கள் என்ற தனிச் சபையினரும் தவிர மற்ற அனைவரும், கத்தோலிக்கர் உட்பட, சட்டப்படி செல்லத்தக்க மணத்துக்கு ஆங்கிலிக்கன் கோவிலுக்கே செல்ல வேண்டியிருந்ததால், வேறு சபைக் குடும்பத்தின் திருமணத்தை 1837 வரை அங்கே தேடுங்கள். சாட்சிகளின் பெயரை விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே பெயர் பல திருமணங்களில் வந்தால் அவர் கோவில் எழுத்தராக இருக்கக்கூடும், ஒருமுறை மட்டும் வந்தால் பெரும்பாலும் உறவினர். 1813 முதல் திருமுழுக்குக்கும் அடக்கத்துக்கும் அச்சிட்ட படிவ ஏடுகள் வந்தன, பக்கத்துக்கு எட்டுப் பதிவுகள்; தந்தையின் தொழிலும் குடியிருப்பும், இறந்தவரின் வயதும் இடம்பெற்றன. 1837 ஜூலை முதல் அரசின் குடிமைப் பதிவு தொடங்கியது. திருமணப் பதிவில் இருவரின் தந்தையர் பெயரும் தொழிலும் சேர்ந்தன.

இடையில் வந்த ஒரு வரியும் சுவடு பதித்துச் சென்றது. 1783-இல் ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்னி வரி விதிக்கப்பட்டது. ஏழைகளுக்கு விலக்கு உண்டு. 1794-இல் நீக்கப்படும் வரை, திடீரென ஏழை என்ற குறி பெருகுவதும், வரி தொடங்கும் முன் ஒரு வீட்டின் எல்லாப் பிள்ளைகளையும் ஒன்றாகக் கொண்டுவந்து திருமுழுக்கு அளித்திருப்பதும் தெரியும். அந்த ஆண்டுகளில் ஏழை என்ற சொல்லை அப்படியே நம்பிவிடக் கூடாது.

கத்தோலிக்கத் திருமணப் பதிவுகளில் நான் மிகவும் மதிப்பது உறவுத் தடைக்கான விலக்குக் குறிப்பு. 1215-இல் நான்காம் இலாத்தரன் சங்கம் இரத்த உறவினர் மணக்கக் கூடாது என்ற தடையை நான்காம் படி (தலைமுறை) வரை என வரையறுத்தது. மணமக்கள் மூன்றாம் படி உறவினர் என்று விலக்குப் பெற்றிருந்தால், அவர்கள் ஒரே கொள்ளுப்பாட்டன் பாட்டியின் வழிவந்தவர்கள் என்று பொருள். இரண்டாம் படி என்றால் பாட்டன் பாட்டி ஒருவரே. ஒரே வரியில் மூன்று தலைமுறையின் முடிச்சு அவிழ்கிறது. திருமுழுக்குப் பதிவின் ஓரமும் அவ்வாறே: 1908 முதல், ஒருவர் எங்கு மணந்தாலும் அச்செய்தி அவர் திருமுழுக்குப் பெற்ற பங்குக்கு அனுப்பப்பட்டு ஓரத்தில் எழுதப்பட்டது. தொலைதூரத்தில் நடந்த திருமணத்துக்கு வழிகாட்டும் குறிப்பு பல வேளைகளில் அது ஒன்றே.

ஒரே பெயர், இரு மனிதர்

பெயரும் காலமும் பொருந்துகின்றன என்பதால் மட்டும் ஒருவரை உங்கள் முன்னோராக ஏற்றுவிடாதீர்கள். திருமுழுக்குப் பதிவைக் கண்டதும் அடுத்த பத்தாண்டுகளின் அடக்கப் பதிவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, அந்தக் குழந்தை இறக்கவில்லை என்று உறுதிசெய்யுங்கள். ஒரு குழந்தை இறந்தால் அதே பெயரை அடுத்த குழந்தைக்கு இடுவது பரவலான வழக்கம். ஒரே பெற்றோருக்கு ஒரே பெயரில் இரண்டு பதிவுகள் இருந்தால் முதலாவது குழந்தையின் அடக்கம் இடையில் எங்கேனும் இருக்கும். இந்தச் சோதனையைச் செய்யாததால், பிள்ளைப்பருவத்திலேயே இறந்த ஒருவரிலிருந்து கிளைத்த வம்சாவளிகள் எத்தனையோ.

முடிவு கிடைக்காதபோது பங்கின் ஆவணப் பெட்டியில் இருந்த மற்ற தாள்களைக் கேளுங்கள். இங்கிலாந்தில் பங்கு, ஏழைகளைப் பேணும் பொறுப்பையும் சுமந்ததால், 1662-இன் குடியிருப்புச் சட்டத்தின்கீழ் எழுந்த குடியிருப்புச் சான்றுகள், ஒருவரை அவருடைய சொந்தப் பங்குக்குத் திருப்பி அனுப்பும் ஆணைகள், திருமணத்துக்குப் புறம்பாகப் பிறந்த குழந்தையின் தந்தை தர வேண்டிய உறுதிப்பத்திரங்கள், தொழில் பயிலச் சேர்த்த ஒப்பந்தங்கள் ஆகியவை பதிவேட்டோடு ஒரே தொகுப்பில் கிடக்கின்றன. பதிவேட்டில் ஒரு வரியாக மட்டும் தோன்றும் ஏழைப்பெண்ணின் பிறந்த ஊர், பணிசெய்த வீடுகள், கணவன் பெயர் எல்லாம் இவ்வகை விசாரணைத் தாளில் அவள் வாய்மொழியாகவே கிடைக்கக்கூடும்.

பார்த்ததை எழுதும்போது, காப்பகத்தின் பெயர், ஏட்டின் குறிப்பெண், பக்கம், பார்த்தது மூலமா படமா படியா என்பவற்றைப் பதிவின் மேலேயே எழுதுங்கள். சொற்களை ஏட்டில் உள்ள எழுத்துக்கூட்டலிலேயே எடுத்து, ஐயமான எழுத்துகளை அடைப்புக்குறிக்குள் இடுங்கள். தேடிக் கிடைக்காததையும் எழுத வேண்டும்: எந்த ஏட்டில், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எந்தெந்தப் பெயர் வடிவங்களைத் தேடினீர்கள், எந்தப் பக்கங்கள் கிழிந்திருந்தன என்ற குறிப்பு இல்லையேல், அடுத்த ஆண்டு நீங்களே அதே ஏட்டை மீண்டும் முதலிலிருந்து புரட்ட நேரும்.